செடி, மரம், பாட்டில்

டீபெர்ரி ஐஸ்கிரீமில் பிர்ச் மரத்துச் சாற்றை ஊற்றுகிறவர்களை வில்மர் பிட்னர் மனிதர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. கடைப் பாட்டிலைத் திறந்து ஊற்றுகிறவர்களை மிருகங்கள் கணக்கிலும் சேர்ப்பதில்லை. மிருகங்கள் மேல் அவருக்கு அவ்வளவு மரியாதை.

பென்சில்வேனியாவின் மேட்டுக்காட்டில் அவர் இருக்கும் பள்ளத்தாக்கு முழுக்க ஓக் மரத்தடியில் டீபெர்ரி படர்ந்து கிடக்கிறது. படர்கிறது என்றால் பந்தலில் ஏறி ஊருக்குக் காட்டுகிற படர்தல் இல்லை. தண்டு மண்ணையொட்டியும் மண்ணுக்கு அடியிலுமாக ஊர்ந்து போகும். மேலே எட்டிப் பார்ப்பது நாலைந்து இலை மட்டும். பூட்ஸின் கயிறு முடிச்சுக்குக்கூட எட்டாது. பனி மூடினாலும் உருகினாலும் அதே பச்சை. கடுங்குளிரில் மட்டும் இலை ஓரம் சிவக்கும், யாரோ எதையோ சொல்லிவிட்ட மாதிரி. வேட்டைக்குப் போகிறவன் அந்த இலையைக் கிள்ளி மெல்லுவான். தலைவலிக்காரன் கொதிநீரில் போட்டுக் குடிப்பான். முழங்கால் போனவர்கள் இலையைச் சாராயத்தில் ஊறவைத்துத் தேய்ப்பார்கள். மானும் காட்டுக்கோழியும் யாரையும் கேட்காமல் தின்னும். சிவப்புப் பழத்தைப் பாலேட்டில் ஊறவைத்து ஐஸ்கிரீம் கடைவது மட்டும் மனிதர்களுக்கு. அது அந்தப் பள்ளத்தாக்கில் சர்ச்சுக்குப் போகாதவர்களும் கடைப்பிடிக்கிற மதம்.

மதம் என்றால் போலி இருக்கும். பிர்ச் மரத்துக் குச்சியைக் கிள்ளி முகர்ந்தால் டீபெர்ரியின் அதே வாசனை, மூட்டுவலித் தைலத்தைத் திறந்தது போல. "அதே வாசனை" என்று ஊரில் பலர் சொல்வதுண்டு. வில்மர் காதில் விழாமல் சொல்ல வேண்டும். ஒருமுறை கசாப்புக் கடையில் ஒருவர் சத்தமாகவே சொல்லிவிட்டார். "உன் குரலும் உன் அண்ணன் குரலும்கூட ஒண்ணுதான்யா. அவன் பேசினா உக்காந்து கேக்கலாம், நீ பேசினா எந்திரிச்சுப் போகத் தோணுதே, ஏன்?" என்று கேட்டுவிட்டு வில்மர் இறைச்சி வாங்காமலே வந்துவிட்டார்.

ஆகஸ்ட் மாத இரண்டாவது சனிக்கிழமை தீயணைப்புப் படைக்காரர்கள் நடத்தும் திருவிழாவில் டீபெர்ரி ஐஸ்கிரீம் போட்டி நடக்கும். இருபத்திரண்டு வருடமாக வில்மர்தான் நடுவர். வீட்டிலிருந்து சொந்த மரக்கரண்டி கொண்டுவருவார். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். மெல்ல மாட்டார், மெல்லுகிறது மாட்டு வேலை என்பார். உள்ளே உருகுகிறதை மூக்கால் இழுப்பார். பிறகு ஒரே ஒரு சொல். "செடி" என்றால் அசல் டீபெர்ரி. "மரம்" என்றால் பிர்ச். "பாட்டில்" என்றால் கடைச் சரக்கு. அதற்கு மேல் விளக்கம் கிடையாது, வசவு மட்டும் உண்டு.

அந்த மூன்று சொல்லும் பள்ளத்தாக்கில் வேறு வேலைக்கும் போய்விட்டன. சோம்பேறி மருமகன் மரம். ஜெபத்தில் மட்டும் அழுகிற போதகர் மரம். "பாக்க நல்லாத்தான் இருக்கான், ஆனா மரம்" என்ற ஒரே வாக்கியத்தில் இரண்டு கல்யாணம் நின்றிருக்கிறது. ஒருவரைப் புதைக்கும்போது "செடிப்பா அவரு" என்று நாலு பேர் சொன்னால் அதற்குமேல் பிரசங்கம் தேவையில்லை.

இப்படிப்பட்ட மூக்கு பிப்ரவரி மாதம் ஒரு பத்து நாள் காய்ச்சலில் போய்விட்டது.

போனது அவருக்கே உடனே தெரியவில்லை. மார்ச்சில் ஒரு பிற்பகல் அவர் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் நாற்றம் பீய்ச்சுகிற ஸ்கங்க் ஒன்று தன் சரக்கு அத்தனையையும் அவிழ்த்துவிட்டது. பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டுக்கொண்டு ஓடையில் விழுந்தது. காலமான மனைவி எட்னாவின் அக்கா லவீனா முழங்காலுக்குத் தைலம் வாங்க வந்தவள், காரை விட்டு இறங்காமலே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். வில்மர் அதே படிக்கட்டில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். 'இறங்கி ஒரு வார்த்தை பேசக்கூட ஆகல, என்ன திமிர் இவளுக்கு' என்று நினைத்தார்.

அன்று மாலை தற்செயலாகத் தைல பாட்டிலைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. உள்ளங்கை குளிர்ந்தது, எரிந்தது. வாசனை மட்டும் இல்லை. ஏப்ரலில் பனி உருகியதும் காட்டுக்குப் போய்ப் பழம் பறித்து வாயில் போட்டார். நனைந்த பஞ்சு. இலையைக் கசக்கிப் பார்த்தார். காகிதம். டாக்டர், "திரும்பி வந்தாலும் வரும், வராமலும் இருக்கும்" என்றார். இதைச் சொல்ல எட்டு வருடம் படிப்பானேன் என்று வில்மருக்குத் தோன்றியது.

யாரிடமும் சொல்லவில்லை. மூக்கைக் கழித்துவிட்டால் தன்னில் என்ன மிஞ்சும் என்று ஒருநாள் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். தச்சரா, அவர் செய்த கதவுகளை ஊரில் எல்லோரும் காலால் உதைத்துத்தான் மூடுவார்கள். பாடகரா, பாடற்குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருந்தார்கள். வேட்டைக்காரரா, முப்பது வருடத்தில் மூன்று மான், அதில் ஒன்று அவர் வண்டியில் தானாக வந்து மோதியது. ஆக, அந்த மேடையில் கண்ணை மூடி நிற்கும் அரைமணி நேரம்தான் வில்மர் பிட்னர். அது போனால் மிச்சம் வெறும் பிட்னர். அந்தப் பெயரில் கல்லறைத் தோட்டத்திலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள்.

ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை வந்தது.

"ஜனங்களே, மூக்கு வந்தாச்சு!" என்று மைக்கில் கத்தினார் தீயணைப்புப் படைத் தலைவர் டோய்ல். "பின்னாடியே வில்மரும் வர்றாரு!"

ஏழு காகிதக் கிண்ணம், ஏழு நம்பர். செய்தவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. வில்மர் வாரம் முழுக்கத் திட்டம் போட்டிருந்தார். மூக்கு இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறது. ஐஸ்கிரீமைப் பார்க்க வேண்டியதில்லை, முகங்களைப் பார்த்தால் போதும். மிச்சத்தை வசவு பார்த்துக்கொள்ளும்.

முதல் கிண்ணம் பளபளவென்று ரோஸ். இது குருடனுக்கும் தெரியும்.

"பாட்டில்," என்றார். "இந்த நிறம் காட்டுல எங்கயாவது பாத்திருக்கீங்களா? வயித்துவலி மருந்துல பாத்திருக்கலாம்."

கூட்டம் சிரித்தது. இரண்டாவது கிண்ணத்துக்குக் கரண்டி போனபோது தபால் நிலையத்துக்காரர் தன் காலணியைப் பார்த்தார். "மரம்." மூன்றாவதற்கு ஒருவர் மனைவியை முழங்கையால் இடித்துச் சிரிப்பை அடக்கினார். "மரம். நாற்காலி செஞ்சிருக்கலாம், ஐஸ்கிரீம் எதுக்கு?" நாலையும் ஐந்தையும் அப்படியே ஒப்பேற்றினார். குற்றமுள்ளவர்கள் இவ்வளவு ஒத்துழைப்பார்கள் என்று வில்மருக்கு இத்தனை வருடம் தெரியாமல் போயிற்று. நாக்கில் குளிர்தான் தெரிந்தது, வேறொன்றுமில்லை.

ஆறாவது கிண்ணம் வெளிறிப்போய், பழுப்புப் புள்ளியோடு, பார்க்க லட்சணமில்லாமல் இருந்தது. முகத்தைத் தேடினார். முன்வரிசையில் டெஸ்ஸா நின்றிருந்தாள். பிலடெல்பியாவிலிருந்து வந்து பழைய ஆலை வீட்டில் குடியேறி இரண்டு வருடம். ஊர்த் தபால் வண்டியை அவள்தான் ஓட்டுகிறாள். எல்லோர் வீட்டு எண்ணும் அவளுக்கு மனப்பாடம், அவள் பெயர்தான் பாதிப் பேருக்குத் தெரியாது. 'புது அம்மா' என்பார்கள். புதுத் தொப்பி. சுத்தமான நகம். தலையைக் குனியாமல் வில்மரையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையான பள்ளத்தாக்குக்காரி இப்படி நம்பிக்கையோடு நிற்க மாட்டாள் என்று முடிவு செய்தார்.

"மரம்."

"என்ன சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மரம்னேன். கெளைய ஒடிச்சுக் கொதிக்க வச்ச சரக்கு. பட்டணத்துல ரெண்டும் ஒண்ணா இருக்கலாம். இங்க இது டீபெர்ரி போட்டி."

"சார், நான் பழத்தைத்தான் போட்டேன். ஏப்ரல்ல மூணு வாரம் முட்டி போட்டுப் பொறுக்கினேன். ஃப்ரீசர்ல வச்ச மிச்சம்கூட இருக்கு, பாருங்க." தோள்பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து நீட்டினாள். அதை எதற்குக் கொண்டுவந்தாளோ. யாராவது கேட்பார்கள், காட்டலாம் என்று ஆசைப்பட்டிருப்பாள்.

வில்மர் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஐந்து முனை நட்சத்திரம், அச்சடித்தது போல. பட்டணத்துக்காரர்கள் பறித்து ஏமாறுவது வேறொரு கொடி. அந்தப் பழத்தில் நட்சத்திரம் இருக்காது, இரண்டு புள்ளி கண் மாதிரி விழிக்கும். இது அது இல்லை. ஜாடியில் இருந்த ஒவ்வொன்றும் டீபெர்ரி. "தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்ல அவருக்கு ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. அந்த மூச்சை வேறுவிதமாகச் செலவழித்தார்.

"பழம் நெசந்தான்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ஆனா அது ஜாடியில பத்திரமா இருக்கே. கிண்ணத்துக்கு வந்த மாதிரி தெரியல."

திருவிழாவின் பெரிய சிரிப்பு அதுதான். டோய்ல் மைக்கிலேயே சிரித்தார். டெஸ்ஸா "சரி" என்று மட்டும் சொன்னாள். ஜாடியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை திருகினாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தாள்.

ஏழாவது லவீனாவுடையது. அவள் கைகட்டி நின்ற விதமே சொன்னது. "செடி," என்றார் வில்மர், கரண்டி வாய்க்கு வருமுன்பே. பத்தாவது தடவையாக முதல் பரிசின் நீல ரிப்பன் லவீனாவின் மார்பில் ஏறியது.

தப்பித்தாயிற்று. வில்மர் பந்தலுக்குப் பின்னால் போய் நின்றார். தண்ணீர்க் குழாயடியில் லவீனா ரிப்பனோடு குனிந்து, கடைகிற வாளியிலிருந்து உப்பு ஐஸைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா வில்மரு," என்றாள் நிமிராமல். "மூக்கு எப்ப போச்சு?"

"யார் சொன்னா?"

"ஸ்கங்க் சொல்லுச்சு. ஊரே மூக்கப் பொத்திட்டு ஓடுது, நீ அது மேல உக்காந்து தின்னுக்கிட்டு இருக்க. ராஜா தோத்தாரு."

வில்மர் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தார். "பிப்ரவரியில போச்சு. ஒரு வாசனையும் இல்ல லவீனா. அந்தப் பொண்ணு பழத்ததான் போட்டிருக்கா, தெரியும். தெரிஞ்சேதான் அசிங்கப்படுத்திட்டேன். இருபத்திரண்டு வருஷம் கட்டிக் காப்பாத்தின மூக்கு..."

லவீனா சிரிக்க ஆரம்பித்தாள். வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது எப்பய்யா இருந்துச்சு?"

"என்னது?"

"மூக்கு. என் வீட்டுப் பின்னாடி ஒரு பிர்ச் நிக்குதே, பாத்திருக்கியா? கெழக்குப் பக்கம் பூரா மொட்டையா இருக்குமே? பத்து ரிப்பனும் அந்தப் பக்கத்துக் கெளைதான்."

லவீனா வாளியைத் தட்டிக் கடைசி ஐஸையும் கொட்டினாள்.

"நாப்பது வயசுலயே என் முட்டி போச்சு. உன் செடி இருக்கே, அதப் பறிக்கணும்னா தரையில விழுந்து கும்பிடணும். நான் சர்ச்சுலயே மண்டி போடுறதில்ல, செடிக்குப் போடுவேனா? மரம் நிக்கிறவளுக்கு நின்னுக்கிட்டே குடுக்குது. ஒடிச்சேன், ஊத்தினேன்."

"நான் 'செடி'ன்னேனே..."

"கண்ண மூடிக்கிட்டு, என்னமோ சொர்க்கம் தெரியிற மாதிரி! மொத வருஷம் உன்ன மாட்டிவிடத்தான்யா மரத்த ஊத்தினேன். நீ 'செடி'ன்னதும் எந்திரிச்சுக் கத்தலாம்னு இருந்தேன். முன்னாடி எட்னா நின்னுக்கிட்டிருந்தா. உன்னப் பாத்துக்கிட்டு. என்னமோ நிலாவுல கால வச்சவனப் பாக்குற மாதிரி." லவீனா குழாயை மூடினாள். "சரி, இந்த ஒரு வருஷம் போகட்டும்னு விட்டேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு. அவ போனதுக்கப்புறம், உன்கிட்ட வேற என்ன இருக்கு, பாவம்னு விட்டேன். ஆனா இன்னிக்கு அந்தப் பொண்ண அழ வச்சியே, அதுக்கு இந்தப் பாவமெல்லாம் பாக்க மாட்டேன். அது வேற கணக்கு."

வில்மர் வாளியில் உட்கார்ந்தபடியே தன் இருபத்திரண்டு வருடத்தைத் திரும்பிப் பார்த்தார். பரிதாபமாக இருந்தது, அதைவிட மோசம், வேடிக்கையாக இருந்தது. இல்லாத ஒன்றைத் தொலைத்துவிட்டு ஆறு மாதம் துக்கம் கொண்டாடியிருக்கிறார். இன்னும் வேடிக்கை, காவல் காக்க இப்போது ஒன்றுமே இல்லை. எழுந்து மேடைக்குப் போய் டோய்லின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"ஆறாம் நம்பர் செடி," என்றார். கூட்டம் திரும்பியது. "அந்தம்மா சொன்னது நெசம். பிப்ரவரியிலேருந்து எனக்கு மூக்கு வேலை செய்யல. உங்க மூஞ்சியப் பாத்துத்தான் இன்னிக்குத் தீர்ப்புச் சொன்னேன். மரம் நான்தான்."

டோய்ல் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"பிப்ரவரிக்கு முந்தி?" என்று டோய்ல் மெதுவாகக் கேட்டார்.

"அதப்பத்தியும் இப்ப சந்தேகமா இருக்கு."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவுவதற்குள் லவீனா முட்டியைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறிவிட்டாள். "எதுக்குச் சிரிக்கிறீங்க? என்னோடதும் மரந்தான். பத்து வருஷமும் மரம். போட்டி முடிஞ்சதும் வரிசையில நின்னு வாங்கி, கிண்ணத்த நக்கினீங்களே, உங்களுக்கெல்லாம் மூக்கு எங்க போயிருந்துச்சு? நீ, டோய்லு, போன வருஷம் மூணு கிண்ணம் தின்னுட்டு 'அசல் செடி, அம்மா கை மணம்'னு அழுதியே?"

டோய்ல் மைக்கை அணைத்தார். அணைத்த மைக்கில் ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

லவீனா ரிப்பனைக் கழற்றிக்கொண்டு நேரே தபால் வண்டிக்குப் போனாள். வில்மரும் பின்னால் போனார். டெஸ்ஸா வண்டியின் பின்கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். அழுதது தெரிந்தது, அழுகை முடிந்து கோபம் வந்திருப்பதும் தெரிந்தது.

"பிடி," என்று லவீனா ரிப்பனை நீட்டினாள்.

"இத வச்சு நான் என்ன பண்றது? நடுவருக்கு மூக்கு இல்ல, ஜெயிச்சவங்களுக்குச் செடி இல்லன்னு நீங்களேதான் மைக்ல சொன்னீங்க. இது எதுக்கு ரிப்பன்?"

"பேசத் தெரியுதே," என்றாள் லவீனா. அவள் ஒருவரைப் பாராட்டி வில்மர் கேட்டதில் அதுதான் அதிகபட்சம். ரிப்பனைத் தன் கோட்டுப் பையிலேயே திணித்துக்கொண்டாள்.

"அம்மா," என்று வில்மர் ஆரம்பித்தார். "நான் செஞ்சது..."

"உக்காருங்க." டெஸ்ஸா தன் வாளியிலிருந்து ஒரு கிண்ணம் நிறைய வழித்து நீட்டினாள். பாதி உருகியிருந்தது. "முழுசா சாப்பிடுங்க. சிட்டிகை எடுத்து நாக்குல வச்சு நாடகம் போட வேண்டாம். எல்லாரும் சாப்பிடுற மாதிரி சாப்பிடுங்க."

வில்மர் வண்டியின் பின்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். குளிர்ந்தது. லேசாக எரிந்தது. வேறெதுவும் வரவில்லை. வாய் நிறைய இருந்ததால் வேறு வழியில்லாமல் மென்றார். மென்றபோது கடைவாய்ப் பல்லில் மணல் போல ஏதோ நறநறத்தது. மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்றார். மறுபடி நறநறத்தது.

"என்னமோ கடிபடுதே."

"விதை," என்றாள் டெஸ்ஸா. "பழத்துல விதை இருக்கும் சார். அந்தப் புள்ளியெல்லாம் அதுதான். வடிகட்டிப் பாத்தேன், முழுசாப் போகல. அசிங்கமா இருக்குன்னு மார்க் குறைப்பீங்களோன்னு ராத்திரி தூக்கம் வரல."

வில்மர் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். இந்தக் கிண்ணத்தில் பழம் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி அங்கேயே, புள்ளி புள்ளியாக, கண்ணுக்கு முன்னால் மிதந்திருக்கிறது. பல்லுள்ள யாருக்கும் தெரிந்திருக்கும். மெல்லுகிறது மாட்டு வேலை என்று சொல்லிக்கொண்டு இருபத்திரண்டு வருடம் இதையெல்லாம் முழுங்கியிருக்கிறார்.

"மாட்ட நிக்க வச்சிருந்தாக்கூடச் சரியா சொல்லியிருக்கும்," என்றாள் லவீனா, அவர் நினைத்ததையே.

வில்மர் கிண்ணத்தின் அடியைச் சுரண்டினார். பிறகு விரலால் வழித்தார்.

"வாசனையே தெரியாம எதுக்கு நக்குறீங்க?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"பொறும்மா," என்றார் வில்மர், பல் இடுக்கில் நாக்கைத் துழாவிக்கொண்டு. "இன்னும் ஒண்ணு சிக்கியிருக்கு."

அவள் வாளியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.